அய்யாக்கண்ணு வாசிக்காமல் விட்ட வரிகள்

ஒன்பது வருஷம் அய்யாக்கண்ணுவின் பங்குச் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவன் அவனுக்கு வேண்டியவனா வேண்டாதவனா என்று நீங்கள் நடுவில் குழம்ப வேண்டாம். இரண்டும்தான். என் பெயர் பக்கிரிசாமி. பினாங்கில், ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் இருக்கும் டோபி லைனில் எனக்கு வெளுப்பு வேலை.

எங்கள் நாள் ஆற்றில் தொடங்கும். விடிந்ததும் கல்லடி, வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் உலர்த்தல், சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் இஸ்திரி. நடுவில் மழை வந்தால் எல்லாம் தலைகீழ். பினாங்கில் மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியாது. கொட்டகையில் எட்டு மேசை, கரி போட்ட எட்டு இஸ்திரிப் பெட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு அதற்குள் நின்று பார்த்தால் வெள்ளாவியில் வைத்த துணியின் கஷ்டம் என்னவென்று தெரியும்.

அந்தப் புழுக்கத்தில் எங்களை ஓடிப்போகாமல் நிறுத்தி வைத்தது அய்யாக்கண்ணுவின் குரல். மூன்றிலிருந்து நான்கு மணிவரை அவன் ஒரு சவுக்காரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு 'ரசிக தீபம்' வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாசிப்பான். அவன் வாசிக்கும் நேரத்துக்கு அவன் பங்கு உருப்படிகளை மற்றவர்கள் தேய்த்துவிட வேண்டும். இது கொட்டகை வழக்கம். ஆளுக்கு இரண்டு உருப்படிதான் வரும் என்று ஆரம்பத்தில் பேச்சு. ஆனால் அடுத்த மேசைக்காரன் நான். குவியல் எப்போதும் என் பக்கமாகவே சரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவன் தேய்க்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. ஒரு தடவை வங்கி துவானின், அதாவது வெள்ளைக்காரத் துரையின், வெள்ளைச் சட்டையில், முதுகுப் பக்கத்தில், இஸ்திரிப் பெட்டியை அப்படியே படம் பிடித்து வைத்தான். துவான் வந்து எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து நாய் என்றார். ஒரு தடவை அல்ல, ஆளுக்கு ஒரு தடவை.

அய்யாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரிந்த கதையைச் சொல்ல வேண்டும். அவன் வந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டுவிட்டது. மொத்தப் பேரையும் ஜெரெஜாக் தீவில் இறக்கி முப்பது நாள் அடைத்துப் போட்டார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த மனிதரிடம் ஒரே ஒரு புத்தகம். கலவை ராஜரத்தினம் என்பவர் எழுதிய துப்பறியும் நாவல். அந்த மனிதர் தினமும் வாய்விட்டு வாசித்தார், இவன் கேட்டான். பத்தாம் நாள், கொலைகாரன் யார் என்று தெரியப்போகும் நேரத்தில், அவருக்கே காய்ச்சல் வந்து வேறு கொட்டடிக்குத் தூக்கிப் போனார்கள். போகும்போது புத்தகத்தை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கொலைகாரனைத் தெரிந்துகொள்ள இவனுக்கு ஒரு வழிதான் இருந்தது. அங்கே இருந்த ஒரு கங்காணியிடம் கெஞ்சி அ, ஆ, க, ங எழுதி வாங்கினான். ஏற்கெனவே கேட்டு மனப்பாடமாகிப் போயிருந்த பக்கங்களின் மேல் விரலை வைத்து, இந்த எழுத்துத்தான் இந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தான். இருபது நாள். தீவிலிருந்து விடுவதற்கு முந்தின நாள் கொலைகாரனைப் பிடித்துவிட்டான். மாமனார்.

அன்றிலிருந்து அவனுக்குக் கலவை ராஜரத்தினம்தான் தெய்வம். பெயர் சொல்ல மாட்டான், 'கலவையார்' என்பான். சொல்லும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகும். நாகப்பட்டினம் கப்பல் வந்த மறுநாள் சூலியா தெருவில் சுலைமான் ராவுத்தர் கடைக்கு நடந்தே போய்ப் பத்திரிகை வாங்கி வருவான். யாரோ துவான் கோட்டுப் பையில் மறந்து விட்டு, திரும்பக் கேட்காமலே இங்கிலாந்து போய்விட்ட மூக்குக் கண்ணாடி ஒன்று அவனிடம் உண்டு. அதை மாட்டிக்கொண்டு ஆற்றோர மூங்கில் புதரடியில் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து படிப்பான். கேட்டால், "முன்னாடியே பாத்து வெச்சுக்கணும்லா. வாசிக்கிறப்ப வாய் தடுக்கக் கூடாது" என்பான். அந்த அரைமணி நேரமும் அவன் பங்கு வேலை எனக்குத்தான். நானும் நம்பினேன்.

நான் சொல்ல வந்த சமயத்தில் 'பத்தாவது பல்லக்கு' என்ற கதை ஓடிக்கொண்டிருந்தது. ஜமீன் கல்யாணத்துக்குப் பத்துப் பல்லக்குகள் புறப்படுகின்றன. ஒன்பது வந்து சேருகின்றன. கல்யாணப் பெண் இருந்த பத்தாவதைக் காணோம். துப்பறியும் தணிகாசலம் என்று ஒருவர் வருகிறார். ஆனால் எங்களுக்கு அவர் ஒரு பொருட்டே அல்ல. எங்கள் ஆள் மன்னாரு. மூன்றாவது அத்தியாயத்தில் வந்த ஜமீன் சலவைக்காரன். ஒரு வேட்டியை மோந்து பார்த்து அதை உடுத்தியவன் குதிரை மேல் வந்தவனா படகில் வந்தவனா என்று சொல்லிவிடுவான். இரத்தக் கறைக்கும் குங்குமக் கறைக்கும் வித்தியாசத்தைத் தணிகாசலத்துக்கே அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி பேச்சி வாயைத் திறந்தால் ஜமீன்தாரே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

நாற்பது வாரம் நாங்கள் மன்னாருவோடு வாழ்ந்தோம். கொட்டகையில் கஞ்சி போடும் ஜெயலெட்சுமி அக்கா, புருஷனை இழந்தபின் தனியாக ஒரு மேசையை ஓட்டுகிறவள், யாரையும் லேசில் பாராட்டாதவள், ஒரு நாள் சொன்னாள்: "அந்தக் கலவையாரு நம்ம லைன்லதான் பொறந்திருக்கணும்லா. இல்லாட்டி வெள்ளாவி வெக்கிற சூட்சுமம் அவருக்கு எப்படித் தெரியும்?" அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். தன் தெய்வத்தைப் புகழ்ந்ததால் வந்த வெட்கம் என்று நினைத்தோம்.

வம்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. முனுசாமி என்று எங்களில் சின்னவன், இருபத்தைந்து வயது. டவுனில் ஒரு சீர்திருத்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். சேர்ந்த நாளிலிருந்து அவன் உப்புக் கேட்டாலும் கூட்டத்தில் பேசுவது மாதிரிதான் இருக்கும். அன்று பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்கடைச் செட்டியார் கிட்டங்கிக்கு உருப்படி கொண்டு போனவன், கூடையைக் கூட இறக்காமல் கொட்டகைக்குள் வந்து நின்றான்.

"அண்ணே, செவ்வாக்கெழம வாசிச்ச அந்தப் பத்திரிகைய எடு. இருவத்திரெண்டாம் பக்கம்."

அய்யாக்கண்ணு அப்போது தன் மேசையில் ஒரு தலையணை உறையோடு போராடிக்கொண்டிருந்தான். நிமிராமலே, "அதுல ஒண்ணுமில்ல தம்பி. தலமுடித் தைலம் விளம்பரம்" என்றான்.

"தைலமா? கிட்டங்கியில கணக்குப் பாக்குற அடைக்கப்பன் அய்யா எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டிட்டாரு. 'உங்க ஆளு உங்களுக்கு எழுத்து வேண்டாம்னு எழுதியிருக்காரே, பாத்தியா'ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாரு. கலவையாரு கட்டுரை! குலத்தொழில் பாக்குறவனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா ஊரு கெட்டுப் போயிருமாம். வண்ணான் ஏட்டத் தொட்டா துணி அழுக்காயிருமாம். அக்கரச் சீமையில கூலிக்குப் போனவங்கூட நாவல் வாசிக்கிறானாம், அதனால நாவலுக்கே கேவலமாம்!"

எல்லாப் பெட்டியும் நின்றன.

"நம்மளப் பத்தியா எழுதியிருக்காரு?" என்று கேட்டேன். மெட்ராஸில் இருக்கும் ஒருவருக்கு நாங்கள் இருப்பது தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. முனுசாமி முறைத்த பிறகுதான் கோபம் வந்தது.

"எரிக்கணும்" என்றான் முனுசாமி. "ஒன்பது வருஷத்துப் பத்திரிகையும் ஆத்தங்கரையில போட்டு எரிக்கணும். இனிமே அந்த ஆளு எழுதுன ஒரு வரி இந்தக் கொட்டாயில கேக்கக் கூடாது."

"பல்லக்கு எங்க போச்சுன்னு இன்னும் தெரியலையே" என்றேன். யாரோ ஒருவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மானமா பல்லக்காண்ணே?"

இப்படி நேராகக் கேட்டால் யாருக்குத்தான் பதில் வரும்? நான் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். "அவரு வாசிக்கிறவனத்தானே வேண்டாங்கிறாரு? நாம வாசிக்கலையே, கேக்கத்தானே கேக்குறோம். தடை அய்யாக்கண்ணுவுக்கு மட்டுந்தான்லா" என்றேன். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அய்யாக்கண்ணு என்னைப் பார்த்த பார்வையில், ஒன்பது வருஷத்தில் நான் தேய்த்த அத்தனை சட்டையும் வீணாகப் போனது தெரிந்தது.

ஜெயலெட்சுமி அக்கா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். "தம்பி, நாம யாரு துணியத்தான் வெளுக்கல? வங்கி துவான் நம்மள நாயிங்கிறான். அதுக்காக அவன் சட்டைய அழுக்கோட திருப்பிக் குடுக்குறமா? ஆளு வேற, உருப்படி வேற."

"வெளுத்துக் குடுப்போம்க்கா. நாம எடுத்து மாட்டிக்க மாட்டோம்ல?"

"மாட்டிக்க மாட்டோமா?" அக்கா இடுப்பில் கை வைத்தாள். "உங்க சங்கத்து ஆண்டுவிழாவுல நின்னு போட்டோ எடுத்தியே, அதுல நீ போட்டிருக்குறது யாரு கோட்டு?"

கொட்டகையே சிரித்தது. வங்கி துவானின் கோட்டு அது. வெளுக்க வரும் துணியை ஒரு நாள் இரவலாக உடுத்திப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. எல்லோரும் செய்வதாலேயே யாரும் வெளியில் சொல்வதில்லை. சுயமரியாதை பற்றிப் பேசப் போனவன் துவானின் கோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதை நாங்கள் நான்கு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். முனுசாமியின் காது சிவந்தது.

"கோட்டு என்னத் திட்டாதுக்கா."

"கதை மட்டும் திட்டிச்சா? அந்த ஆளு கட்டுரையில என்ன வேணா எழுதட்டும். கதையில நம்ம மன்னாருவ எப்படி வெச்சிருக்காரு பாரு. ராஜா மாதிரி வெச்சிருக்காரு!"

முனுசாமி கூடையை மெல்ல இறக்கினான். "அதத்தான்க்கா நானும் சொன்னேன். 'இருக்காதுங்கய்யா, மன்னாருவ எழுதுன கை இப்படி எழுதாது'ன்னு அடைக்கப்பன் அய்யாகிட்ட சண்டைக்கே நின்னேன். அவரு 'எந்த மன்னாரு'ன்னு கேக்குறாரு."

"எந்த மன்னாருவா? வாராவாரம் அதே பத்திரிகையத்தானே அவரும் படிக்கிறாரு?"

"ஆமா. 'மூணாவது அத்தியாயத்துல ஒரு குடிகார வண்ணான் வருவான். ஜமீன் துணியத் திருடுவான், தணிகாசலம் கையால அறை வாங்குவான், ஓடுறப்ப கெணத்துல விழுந்து செத்துருவான், அவனையா சொல்றே'ங்கிறாரு."

 ஏதோ கருகும் வாசனை வந்தது. என் மேசையில்தான், என் பெட்டிக்கு அடியில், அய்யாக்கண்ணு பங்குக் காலர். எடுத்துப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தான். "செத்துட்டான்" என்றான். "மூணாவது அத்தியாயத்துலயே செத்துட்டான்."

"செவ்வாக்கெழமகூட படகுல ஏறினானேடா!" என்று அலறினாள் அக்கா.

"நான்தான் ஏத்துனேன்."

பிறகு அவன் சொன்னது இதுதான். அந்த மூன்றாவது அத்தியாயத்தை அவன் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பழக்கமே இல்லை. அப்படியே எடுத்து வாசித்துக்கொண்டு வந்தவன் கண்ணுக்கு வரி தெரிந்தது, வாய் வர மறுத்தது. "நீங்க அத்தன பேரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க. வண்ணான்னு பேரு வந்ததும் அக்கா சிரிச்சா, நம்ம ஆளு வந்துட்டான்னு. அதுக்கப்புறம் அந்த வரிய எப்படிச் சொல்றது? சாகலைன்னு வாசிச்சுட்டேன். அடுத்த வாரம் அவன் என்ன ஆனான்னு நீங்கதான் கேட்டீங்க. அதுக்கடுத்த வாரமும் கேட்டீங்க. நான் என்ன பண்ண?" மூங்கில் புதரடியில் அவன் படித்துக்கொண்டிருக்கவில்லை. மன்னாருவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான்.

அதன்பின் நடந்தது நீதிமன்ற விசாரணை மாதிரி. ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"அந்தப் புலி?"

"அவரோடது."

"பல்லக்குல பாம்பு?"

"அதுவும் அவரோடது."

"குங்குமக் கறை?"

"என்னோடது."

"பேச்சி?" என்று கேட்டாள் அக்கா, சத்தமே இல்லாமல்.

அவளும் தன்னுடையவள்தான் என்று அவன் தலையை ஆட்டினான். அக்கா பக்கத்தில் கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பேச்சிக்குப் பிள்ளை தங்காமல் போன அத்தியாயத்தில் அவள் இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் என் ஆத்திரத்தைக் கொட்டத் தயாராக இருந்தேன். ஒரு பொய்யனுக்காகவா இத்தனை வருஷம் என் முதுகு ஒடிந்தது என்று நான்கு வாக்கியம் மனதில் கட்டி வைத்திருந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். அவள் சொன்னதைக் கேட்டபிறகு என்னுடைய நான்கும் சின்னதாகத் தெரிந்தன.

"அவன் என்னத் திட்டினா திட்டட்டும். அதக் கேட்டுட்டுக் காறித் துப்பறதா, சிரிக்கிறதா, கதை நல்லாருக்குன்னு மேல கேக்கறதான்னு நான்லா முடிவு பண்ணணும். உனக்கு எழுத்து வேண்டாம்னு அவன் சொன்னான். அவன் சொன்னதே எனக்குத் தெரிய வேண்டாம்னு நீ முடிவு பண்ணிட்டே. ரெண்டு பேருல யாரு மேல நான் அதிகமாக் கோவப்படுறது? நீயே சொல்லு அய்யாக்கண்ணு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, அந்த மனுசன் புத்தகத்துலதான் நான் எழுத்தே படிச்சேன். அவரு இல்லாட்டி நான் இல்ல. அவரே என்ன வேண்டாம்னு எழுதியிருக்காரு. அதப் படிச்சிட்டு மூங்கிலடியில உக்காந்து அழுதேன். அழுதுட்டு அடுத்த பக்கத்தத் திருப்பி, கதை என்னாச்சுன்னு பாத்தேன். அதுதான் எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. உங்ககிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?"

அவன் அழுததற்கு எங்களில் ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மூன்று மணிக்கு அவன் சவுக்காரப் பெட்டியை எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவன் பங்கை அவனே தேய்த்தான். இரண்டு சட்டை, ஒரு மேசை விரிப்பு, ஒரு பாதிரியாரின் அங்கி கருகின. எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நாங்கள் எட்டுப் பேர் மணிக்கணக்கில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு தேய்த்தோம். இனி இவன் வாயைத் திறந்தால் நம்புவதா வேண்டாமா என்பது யாருக்கும் புரியவில்லை. இவன் வாயைத் திறக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய சூசாவாக, தொல்லையாக இருந்தது. 

நான் அந்த வெள்ளிக்கிழமையே முனுசாமியின் சங்கத்துக்குப் போய் எழுத்துப் படிக்கச் சேர்ந்தேன். அறிவுத் தாகம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. இனிமேல் ஒருவன் என்னை ஏமாற்றினால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு நாளில் 'ஈ' என்ற எழுத்து வரைக்கும் வந்தேன். அந்த வேகத்தில் மூன்றாவது அத்தியாயத்தைச் சரிபார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்திரிகை வரும் நாள். அய்யாக்கண்ணு சூலியா தெருவுக்குப் போகவில்லை. மத்தியானம் டவுனிலிருந்து திரும்பிய முனுசாமி, கூடைக்கு அடியிலிருந்து எதையோ உருவி அய்யாக்கண்ணுவின் மேசையில் போட்டான். புது 'ரசிக தீபம்'. 'பத்தாவது பல்லக்கு' கதையின் கடைசி அத்தியாயம் இந்த இதழில் என்று அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருப்பதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்ன தம்பி இது?" என்றாள் அக்கா.

"எரிக்கத்தான் வாங்குனேன்."

"எரியேன்."

முனுசாமி கூரையைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். "எரிக்கிறதுக்கு முன்னாடி பல்லக்கு எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லதுன்னு பாக்குறேன்" என்றான். மானத்துக்கும் பல்லக்குக்கும் நடுவில் அவன் ஐந்து நாள் தூங்கவில்லை என்று முகமே சொல்லியது. எனக்கு அவனை முதல் தடவையாகப் பிடித்துப்போனது.

அக்கா தீர்ப்புச் சொன்னாள். "வாசிக்கட்டும். ஆனா போன வாரத்துக் கட்டுரை மொதல்ல. ஒரு வார்த்த விடாம. அப்புறம் கதை, அதுவும் உள்ளது உள்ளபடி. எங்கயாச்சும் தாண்டுனே, நான் நேரா கிட்டங்கிக்குப் போயி அடைக்கப்பன் அய்யாகிட்டயே கேட்டுருவேன், பாத்துக்க."

அய்யாக்கண்ணு உட்காரவில்லை. நின்றுகொண்டே பழைய இதழை எடுத்தான். கட்டுரையை வாசித்தான். நாவிதரைப் பற்றி, குயவரைப் பற்றி, கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி, எல்லாம் நல்ல தமிழில், இழுத்துக் கட்டிய கொடி மாதிரி நேராக இருந்தது. திட்டுகிறவர் இவ்வளவு அழகாகவா திட்ட வேண்டும் என்று எனக்கு வயிறு எரிந்தது. பிறகு அந்த இடம் வந்தது.

"'வண்ணானுக்கு எழுத்து எதற்கு?'" என்று வாசித்தான். நின்றுவிட்டான்.  தன்னை வாசிக்காதே என்று சொன்ன வரியைத் தானே உரக்க வாசித்துவிட்டு, ஏழு பேருக்கு முன்னால் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.  அவனைப் போய் ஒரு தடவை கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஜெயலெட்சுமி அக்கா கஞ்சியைக் கிளறிக்கொண்டே, "நல்லாத்தான் வாசிக்கிறே. மேல போ" என்றாள்.

முதலில் முனுசாமிதான் சிரித்தான். அப்புறம் எல்லோரும். அய்யாக்கண்ணுவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மீதிக் கட்டுரையை முடிப்பதற்குள் நாங்கள் ஒவ்வொரு வரிக்கும் கத்தி, அது கூத்துக் கொட்டகையாகிவிட்டது.

பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினான். உள்ளது உள்ளபடிதான் வாசித்தான். முகத்திலேயே தெரிந்தது. அவன் சொந்தச் சரக்கு வரும் இடங்களில் அவன் இமைகள் படபடக்குமாம், இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் நின்ற எனக்குத் தெரியாதது அக்காவுக்கு ஐந்து நாளில் யோசித்துத் தெரிந்திருந்தது. மன்னாரு இல்லை, பேச்சி இல்லை. தணிகாசலம் தனியாகவே எல்லாம் கண்டுபிடித்தார். பெண் எங்கும் போகவில்லை, வந்து சேர்ந்த ஒன்பதில் ஒன்றுக்குள்ளேயே அடித்தட்டு வைத்துப் பெண்ணை மறைத்திருந்தார்கள். காணாமல் போன பத்தாவது வெறும் மூங்கில் கூடு, வழியில் பிரித்து ஆற்றில் விட்டுவிட்டார்கள். அது தெரிந்த நிமிஷத்தில் எந்த மேசையிலும் ஒரு கை அசையவில்லை. மூன்று உருப்படி கருகியது. யாரும் கவலைப்படவில்லை.

முடிந்ததும் அக்கா பெருமூச்சு விட்டாள். "பாவி. என்னமா எழுதுறான்" என்றாள். அவள் அந்த மனிதரைப் பற்றிக் கடைசிவரை சொன்ன தீர்ப்பு அதுதான். எந்தச் சொல்லுக்கு அழுத்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அய்யாக்கண்ணு பத்திரிகையை மூடி முனுசாமியிடம் நீட்டினான். எரிப்பதானால் எரி என்பது போல. முனுசாமி வாங்கவில்லை.

"சரி" என்றான். "மன்னாரு எங்க?"

"தம்பி, அவன்தான் மூணாவது அத்தியாயத்துலயே..."

"அது அந்த ஆளு கொன்னது. நாம எப்பண்ணே கொன்னோம்? போன செவ்வாக்கெழம படகுல ஏறினவன் இன்னும் எறங்கல. பேச்சி கரையில நிக்கிறா. சொல்லு."

அய்யாக்கண்ணு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கேலியா என்று தேடினான். இல்லை என்று தெரிந்ததும் பத்திரிகையைப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். வெறுங்கையை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் திண்டாடினான், முழங்கால் மேல் வைத்தான், எடுத்தான். பிறகு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு, கதை சொல்லத் தொடங்கினான்.